சைக்கிள் விஷயமாக அக்கா எழுதுவது

ஜனவரி 12

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். உன் மாமாவுக்குப் பல்வலி. பிடுங்க மாட்டேன் என்று பிடிவாதம், இந்த வீட்டில் பிடிவாதத்துக்கு ஏற்கெனவே ஆள் இருப்பது தெரியாதவர் போல. உன் ரத்த அழுத்த மாத்திரை ஒழுங்காகப் போகிறதா? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் பாதியிலேயே "மீட்டிங் அக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன அக்டோபரில் என் சைக்கிள் திருடு போனது உனக்குத் தெரியும். தொழிற்சாலை மதிலை ஒட்டி, பூட்டித்தான் விட்டிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் முன் சக்கரம் மட்டும் பூட்டோடு நிற்கிறது. மிச்சச் சைக்கிளைக் காணோம். கேட்டில் இருக்கிற காவல்காரரைக் கேட்டேன். "சக்கரம் நின்னுச்சேக்கா, அதைப் பார்த்துட்டு சைக்கிள் இருக்குன்னு நினைச்சேன்" என்றார். அன்றிலிருந்து புதுச் சைக்கிளை நேரே எடைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போய் என் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன். பாட்டில் மூடி எடை போடுகிற இடத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று மேனேஜர் கேட்டார். "எனக்கு என்ன வேலையோ அதுக்கும் அதே வேலைதான் சார்" என்றேன்.

இப்போது உத்தரவு போட்டுவிட்டார். ஏப்ரல் ஒன்று முதல் கட்டடத்துக்குள் சைக்கிள் கூடாது. தீப்பிடித்தால் ஓட வழி வேண்டுமாம். அப்படியென்றால் பூட்டு போட்ட கொட்டகை ஒன்று கட்டிக் கொடுங்கள் என்று நானே படம் வரைந்து, சைக்கிளில் வருகிற பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் வந்திருக்கிறது: "முப்பது பேருக்குக் குறைவான பயன்பாட்டுக்கு நிறுத்துமிடம் அமைக்க விதியில் இடமில்லாமையால், தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாத நிலையில் உள்ளோம்." கீழே ஒரு கையெழுத்து. மண்புழு வெயிலில் நெளிந்த மாதிரி இருக்கிறது.

நீ அதே கட்டடத்தில் கொள்முதல் பிரிவில்தானே இருக்கிறாய்? அந்த மண்புழு யார் என்று விசாரித்து எழுது. அவர் கடைசியாகச் சைக்கிளில் ஏறியது எந்த வருஷம் என்றும் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாத்திரை தவறாமல் போகிறது. மாமாவுக்குப் பல் எப்படி இருக்கிறது? உன் முழங்கால் எப்படி? பதில் தாமதம், வேலை அதிகம்.

நீ கேட்டதை விசாரித்தேன். கட்டடப் பிரிவில் யாரோ ஒரு துணை மேலாளராம். ஆள் அப்படியொன்றும் கெட்டவர் இல்லை என்கிறார்கள். பதினான்கு தொழிற்சாலைகளின் கூரை, கழிப்பறை, படிக்கட்டு, பம்பு எல்லாம் அவர் தலையில். ஒரு இடத்துக்குச் செய்தால் பதின்மூன்று இடத்திலிருந்து கேட்பார்கள். அதனால்தான் விதி என்று ஒன்று வைத்திருக்கிறார் போல. அவரையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும் அக்கா.

நீ ஏன் பஸ்ஸில் போகக் கூடாது? இந்த வயதில் சைக்கிள் தேவையா?

மாமாவுக்கு என் வணக்கம். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். "இந்த வயதில்" என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதிய கடிதத்தில் அழுத்தம் திருத்தமாக இருந்த வார்த்தை அது ஒன்றுதான்.

உனக்கு ஒன்பது வயதில் அப்பா சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது அதன் பின் கேரியர். அதிலும் மேடு வந்தால் "இறங்குக்கா, தள்ளு" என்பாய். முப்பத்து நாலு வயதில் இந்தத் தொழிற்சாலை மைதானத்தில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், ஆள் துணை இல்லாமல் நானே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். அன்று மாலை சைக்கிளிலேயே வீட்டுக்குப் போனேன். நாலு கிலோமீட்டர். ஒருத்தரிடமும் நேரம் கேட்காமல், ஒருத்தருக்காகவும் நிற்காமல். அதை விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போ என்கிறாய்.

அந்த மண்புழுவைப் புரிந்துகொள்ளச் சொல்கிறாய். புரிந்துகொண்டேன். பதினோரு பேர்தான் சைக்கிளில் வருகிறார்கள், அதனால் கொட்டகை கிடையாது என்கிறார். கொட்டகை இல்லாததால்தான் பதினோரு பேர் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கடைக்குக் கதவு வைக்காமல் கட்டிவிட்டு, ஒருத்தரும் உள்ளே வரவில்லை என்று எழுதி வைக்கிற புத்தி. அந்தப் புத்திக்குத் துணை மேலாளர் என்று பெயர். இதை அப்படியே அவரிடம் சொல். வார்த்தையைக் குறைக்காதே.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி சைக்கிள் உள்ளே போகக் கூடாது என்றால் நானும் போக மாட்டேன். மறுபடி மதிலோரம் விட்டுவிட்டு, நாள் முழுக்க ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு என்னால் எடை போட முடியாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு மூட்டைகூட என் தராசில் பிசகிப் போனதில்லை. பிசகுகிற மனசோடு வேலை செய்வதைவிட வீட்டில் உட்காரலாம். மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "கோபத்துல பேசாதீங்க கிலோக்கா" என்றார். இங்கே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கோபம் இல்லை, தேதி சொல்கிறேன் என்றேன்.

மாமாவுக்குப் பல் அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 1

தம்பிக்கு,

இங்கே நலம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ரத்த அழுத்தமா, மீட்டிங்கா? ரத்த அழுத்தம் என்றால் உடனே எழுது. மீட்டிங் என்றால் முடிந்ததும் எழுது.

ஏப்ரலுக்கு இன்னும் முப்பத்தோரு நாள்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கம்தான் சரியில்லை.

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன். நான் இப்போது கொள்முதல் பிரிவில் இல்லை. ஆகஸ்டிலேயே மாற்றிவிட்டார்கள். கட்டடப் பிரிவுத் துணை மேலாளர் நான்தான். முப்பது என்ற விதியை எழுதியதும் நான்தான். மண்புழு என் கையெழுத்து.

உன் மனுவை நான் படிக்கவில்லை என்று சொன்னால் பொய். படித்தேன். படத்தைப் பார்த்ததுமே உன் கை என்று தெரிந்தது. கோடு போட அளவுகோலுக்குப் பதில் மூடிப் பெட்டியின் விளிம்பை வைத்திருந்தாய். சொந்த அக்காவுக்குச் சலுகை செய்தான் என்று பேச்சு வந்துவிடுமோ என்று பயந்து, யாரோ கேட்டது போல மறுத்துவிட்டேன். யாரோ கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன் என்பதுதான் இதில் கேவலம்.

வேலையை மட்டும் விட்டுவிடாதே. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மாமாவுக்குத் தெரிய வேண்டாம், சிரிப்பார்.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமே. மாமா சிரித்தார். பல்வலியோடு சிரித்ததால் சத்தம் கொஞ்சம் கோணலாக வந்தது.

நீதான் என்று அந்தப் பதில் வந்த அன்றே தெரியும். பத்து வயதில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வாடா என்றால் "இயலாத நிலையில் இருக்கிறேன் அக்கா" என்று படுத்துக்கொண்டே சொல்வாய். உலகத்தில் வேறு யார் அப்படிப் பேசுவார்கள்? தெரிந்தும் ஏன் கேட்டேன் என்று யோசிப்பாய். தம்பியைத் திட்டினால் பெரியவள் சும்மா கத்துகிறாள் என்று ஒதுக்கிவிடுவாய். துணை மேலாளரைத் திட்டினால் உட்கார்ந்து படிப்பாய். படித்தாயே.

இனி காரியம். அக்காவுக்காக ஒரு ஆணியும் அடிக்க வேண்டாம். சலுகையாகக் கிடைக்கிற கொட்டகையில் என் சைக்கிளை விட மாட்டேன். உன் முப்பதையும் மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் முதலில் இடம், பிறகு எண்ணிக்கை. மூன்று மாதம் வை. எங்கள் பழுதுபார்க்கும் பிரிவில் பழைய குழாய் மலைபோல் கிடக்கிறது. வெல்டர் இருக்கிறார், எல்லோரும் பொறி என்று கூப்பிடுகிற ஆள். பாய்லருக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒன்றும் வாங்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார். முப்பது இல்லையென்றால் பிரித்துப் போட்டுவிடு, நானும் சைக்கிளோடு வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

ஒன்று மட்டும். முன் சக்கரத்தை மட்டும் கவ்வுகிற தாங்கி வைக்காதே. அது திருடனுக்கு மிச்சச் சைக்கிளை எடுத்துக் கொடுக்கிற ஏற்பாடு. கவிழ்த்த லாடம் மாதிரி வளைத்த குழாய் வேண்டும், சைக்கிளின் உடம்பையே அதோடு சேர்த்துப் பூட்டுகிற மாதிரி.

இப்போது தூங்கு. தூக்கத்தில் குறை வைக்காதே.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

உத்தரவின் நகல் இத்துடன் இருக்கிறது. உத்தரவுத் தேதியான மார்ச் பதினெட்டிலிருந்து சோதனை முறையில் மூன்று மாதம். முப்பது சைக்கிளுக்கு இடம், பதினைந்து வளைவு, சுற்றிலும் கம்பிவலை, ஒரே கதவு, சாவி கேட்டில். ஜூன் பதினெட்டாம் தேதி நானே வந்து எண்ணுகிறேன். வேறு ஆளை அனுப்பலாம் என்று பார்த்தேன், மேலிடத்தில் விடவில்லை. எனவே முன்பே சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பது இருந்தால் இருபத்தொன்பது என்றுதான் எழுதுவேன்.

மாமாவை டாக்டரிடம் கூட்டிப் போ.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் நலம். மாமா டாக்டர் வீட்டு வாசல் வரை வந்தார். அங்கே வலி போய்விட்டதாம், திரும்பிவிட்டோம்.

கொட்டகை எழும்பிவிட்டது. நீ வந்து பார்த்தால் பொறாமைப்படுவாய். பொறி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்தார். வளைவின் உயரம் எவ்வளவு என்பதில் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. "நீங்க மூடிக்கு அளவு சொல்லுங்கக்கா, குழாயை என்கிட்ட விடுங்க" என்றார். "மூடி சரியில்லேன்னா பாட்டில் ஒழுகும். குழாய் சரியில்லேன்னா சைக்கிளே போயிரும், எது பெரிசு?" என்றேன். கடைசியில் என் சைக்கிளையே கொண்டுவந்து நிறுத்தி அளவெடுத்தோம். கச்சிதமாக அமைந்துவிட்டது. ரொம்பக் கச்சிதம்.

ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் காவல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். தினமும் காலை ஒன்பதேகாலுக்கு எண்ணி எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். பதினோரு பேர் இப்போது பதினேழு. மூடி அச்சடிக்கிற பிரிவில் ஒரு அம்மா, மூன்று வருஷமாக வீட்டில் துணி காயப்போட வைத்திருந்த சைக்கிளைத் துடைத்து எடுத்து வந்துவிட்டார். கைப்பிடியில் கவ்வி ஒன்று இன்னும் தொங்குகிறது.

நான் இப்போதெல்லாம் வேலைக்கு நடந்து போகிறேன். முழங்காலுக்கு நல்லது என்கிறார்கள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


மே 4

துணை மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். நான் மூடித் தொழிற்சாலை வெல்டர். கிலோக்கா இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், அதனால் எழுதுகிறேன்.

முதல் வளைவை நிறுத்தும்போது அளவு பார்க்க அவர் சைக்கிளைப் பக்கத்தில் வைத்திருந்தோம். சைக்கிள் சாயாமல் நிற்பதற்காக வளைவின் ஒரு காலைச் சைக்கிளின் நடுச் சட்ட இடைவெளிக்குள் விட்டிருந்தோம். அவர் ஒரு அங்குலம் ஏற்று என்கிறார், நான் இறக்கு என்கிறேன். சண்டை சூட்டில் "சரி, அடிச்சிடு!" என்றார். வெல்டிங் அடித்துவிட்டேன். இரண்டு காலும் தரைப்பட்டையோடு ஒட்டிவிட்டது. அதற்கு மேல் சிமென்டும் போட்டுவிட்டோம். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன், சைக்கிள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நாட்டிலேயே அதைவிடப் பத்திரமான சைக்கிள் கிடையாது ஐயா. சொந்தக்காரராலும் எடுக்க முடியாது.

அறுத்துவிடுகிறேன் என்றேன். விடவில்லை. "இன்னைக்குக் கட்டி நாளைக்கு அறுத்தாங்கன்னு தலைமை அலுவலகம் சொல்லும். எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒரு வளைவுலயும் கை வைக்கக் கூடாது" என்றார். போக நாலு, வர நாலு, தினமும் எட்டு கிலோமீட்டர் நடக்கிறார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

பணிவுடன்
வெல்டர்


ஜூன் 3

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம். பார்சலில் நடக்கிற ஷூ வந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. என் கால் அளவை எங்கே பிடித்தாய் என்று தெரியவில்லை. ஏன் அனுப்பினாய் என்று நான் கேட்கப் போவதில்லை, நீயும் சொல்ல வேண்டாம். மெத்தென்று இருக்கிறது. பொறியிடம் காட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் ஷூவையே பார்த்துக்கொண்டு "நல்ல தையல்க்கா" என்றார்.

நேற்றைய எண்ணிக்கை இருபத்து நாலு. இரண்டு வாரமாக அங்கேயே நிற்கிறது. மேனேஜருக்கு என்மேல் திடீர்ப் பாசம். "பதினெட்டாம் தேதி மட்டும் எங்க தெருவுலேர்ந்து ஆறு சைக்கிள் கொண்டாந்து நிறுத்திடறேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். "எனக்குத் தெரியும் சார்" என்றேன். மூடிப் பெட்டியில் கல்லைப் போட்டு எடை காட்டுகிற வேலை எனக்குத் தெரியாது.

என் சைக்கிளையும் கணக்கில் சேர்க்காதே. அது அங்கே நிற்கிறது, உண்மைதான். ஆனால் நான் அதில் வரவில்லையே.

முப்பது வராவிட்டால் வராது. தராசை முதலாளி வீட்டுச் சொத்தாக நினைத்ததே இல்லை. அதை வேறு ஆளிடம் ஒப்படைக்க மனசே இல்லை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். பதினெட்டாம் தேதி பேனாவில் மை ஊற்றிக்கொண்டு வா.

மாத்திரையை மறந்துவிட்டு வராதே.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உடம்பு நன்றாக இருக்கிறது. நான் மேலிடத்துக்குக் கொடுக்கப்போகும் அறிக்கை கீழே. அனுப்புவதற்கு முன் உன்னிடம் காட்டச் சொன்னாய். தப்பு இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுதுவாய்.

"ஜூன் 18 காலை 9.15 மணிக்கு நிறுத்துமிடத்தைப் பார்வையிட்டேன். சைக்கிள்கள் இருபத்தாறு. வளைவில் நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருந்த ஒன்று சேர்க்கப்படவில்லை. எண்ணிக்கையைப் பதிவு செய்தேன். விதிப்படி இது போதாது. எடைப் பிரிவுத் தலைமைப் பணியாளர் உடனிருந்தார். 'இருபத்தாறு. எழுதிட்டீங்களா? நல்லா எழுதுங்க, படிக்கிற மாதிரி' என்று கேட்டுக்கொண்டார்.

திரும்பும் ரயில் மாலையில் என்பதால் தொழிற்சாலையிலேயே இருந்தேன். பிற்பகல் 2.40 மணிக்கு, மூன்று மணி முறைப்பணியாளர்கள் (ஷிப்ட்) வரத் தொடங்கினர். அவர்களில் பத்தொன்பது பேர் சைக்கிளில் வந்தனர். காலையில் வந்த இருபத்தாறு சைக்கிள்களும் அங்கேயே இருந்தன. ஆக, முப்பது இடத்தில் நாற்பத்தைந்து சைக்கிள்கள். காவலர் அவற்றை நெருக்கியும் சாய்த்தும் நிறுத்தினார். விசாரித்ததில், இரண்டு மாதமாகத் தினமும் இப்படித்தான் என்று தெரிவித்தார். ஏன் பதிவேட்டில் எழுதவில்லை என்று கேட்டதற்கு, 'காலைக் கணக்குக்குத்தானே சார் கட்டம் போட்டுக் குடுத்தாங்க' என்றார்.

இம்முறைப்பணி முடிகிற வேளையில் பஸ் இல்லை. நிறுத்துமிடம் வருமுன் இவர்கள் தங்கள் வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போகும் வரை காத்திருந்தனர். கோரிக்கை மனுவில் இவர்கள் கையெழுத்து இல்லை. இவர்களை யாரும் கேட்கவில்லை.

முப்பது என்ற விதி, ஒரு நாளில் ஒரே ஒரு வேளை எண்ணும்படி என்னால் எழுதப்பட்டது. அது பிழை. பதினான்கு தொழிற்சாலைகளிலும் முறை மாறும் நேரத்தில் மறுபடி எண்ண வேண்டும். இங்கு அறுபது சைக்கிளுக்கு நிரந்தரக் கொட்டகை அமைக்கப் பரிந்துரைக்கிறேன்."

இவ்வளவுதான் அக்கா. மதியம் உன் டிபன் பாத்திரத்திலிருந்து பாதிக்கு மேல் நான் சாப்பிட்டதை எழுதவில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 27

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று இந்த முறை முழுசாக எழுதலாம். மாமா பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அதனால்தான் இந்தக் கடிதமே. உன் மாத்திரை பாதியாகக் குறைந்தது என்று கேள்விப்பட்டு மகிழ்ச்சி.

உன் அறிக்கையில் இரண்டு தப்பு. போனில் "அனுப்பு" என்று மட்டும் சொன்னேன், தப்பு எழுத்தில் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். "இவர்களை யாரும் கேட்கவில்லை" என்று எழுதினாய். நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். அந்த நோட்டில் ஒரே ஒரு கட்டம் போட்டது நான். மூன்று மணிக்கு நான் தராசில் இருப்பேன். சாயங்காலம் என் சைக்கிள் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க மனசில்லாமல் முன் வாசல் வழியாகவே போய்விடுவேன். இருபத்தாறு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிற பத்தொன்பது பேரை ஒரு நாளும் நான் நின்று பார்த்ததில்லை. உனக்கு விதி கண்ணை மறைத்தது. எனக்கு என் சைக்கிள். இரண்டாவது தப்பு, அன்று 2.40 இல்லை, 2.35. அவர்கள் சைக்கிள் மணி என் தராசு வரை கேட்டது, என் கடிகாரம் சரியாக ஓடும்.

நீ ரயில் ஏறின மறுநாள் பொறி வளைவை அறுத்து என் சைக்கிளை எடுத்துக் கொடுத்தார். ஒன்பது நிமிஷம்கூட ஆகவில்லை. சைக்கிளில் ஒரு கீறல் இல்லை. மைதானத்தை மூன்று சுற்று சுற்றினேன். மேனேஜர் ஜன்னலிலிருந்து பார்த்தார். பார்க்கட்டும்.

புதுக் கொட்டகை இந்த மாதம் முதல் தேதி திறந்தது. அறுபது இடம், மேலே கூரை, பத்திரமான கதவு. இனி நேற்று நடந்ததைக் கேள்.

மாமாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போவதற்காக அரை நாள் விடுப்பு எடுத்தேன். அவரை வீட்டில் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று ஆகப் போகிறது. அந்த நேரத்தில் நான் கேட்டுக்கு வந்ததே இல்லை. எனக்கு முன்னால் ஏழெட்டுச் சைக்கிள், பின்னால் நாலைந்து. மணி அடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருத்தர் டயரை ஒருத்தர் இடிக்கிறார்கள். நான் நேராகக் கதவுக்குப் போனேன். காவல்காரர் கையை நீட்டி மறித்தார்.

"வரிசைக்கா."

"என்னது?"

"வரிசையில வாங்க. உள்ள ஒரே நெரிசலா இருக்கு."

நான்! படம் வரைந்தவள், மனு கொடுத்தவள், இரண்டு மாதத்துக்கு மேல் நடந்தவள், வரிசையில்! திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும், சைக்கிள் கூடையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"புதுசா சேர்ந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். பிறகு, "ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? மூன்று மணிக்கு நான் புதுசுதானே.

"எந்தப் பிரிவு?"

"எடை."

"ஐயோ, அங்கயா? அங்க ஒரு கிலோக்கா இருக்காங்களாம், ரொம்பக் கறாராம். பார்த்து நடந்துக்கோங்க. ஆனா இந்தக் கொட்டகையே அவங்க சண்டை போட்டு வாங்கினதுதானாம்."

காவல்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

எங்கள் முறை வரும்போது உள்ளே இடம் தீர்ந்துவிட்டது. அறுபதும் நிறைந்து, மிச்சம் நாங்கள் நாலு பேர். நான் காவல்காரரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் விரித்தார். அந்தப் பெண் தன் சைக்கிளை மதிலோரம் கொண்டுபோய்ச் சாய்த்தாள். மற்ற இரண்டு பேரும் அதற்குப் பக்கத்தில் சாய்த்தார்கள். "உங்களையும் இங்கயே விடுங்க. நாலும் ஒண்ணா இருக்கட்டும்" என்றாள். தன் சங்கிலியை எடுத்து நாலு சைக்கிளின் உடம்புக்குள்ளும் விட்டுப் பூட்டினாள். சாவியை என்னிடம் நீட்டினாள். "நீங்க சீக்கிரம் கிளம்புவீங்கன்னா திறந்துட்டு, மறுபடி எங்க மூணையும் பூட்டிட்டுச் சாவியைக் கேட்ல குடுத்துட்டுப் போங்க."

முன்பின் தெரியாத எனக்கு.

இருபது இடம் கூடுதலாக வேண்டும், தம்பி. மனு தனியாக வருகிறது. இந்த முறை கையெழுத்து எழுபத்து மூன்று. நோட்டில் மூன்று கட்டம் போட்டிருக்கிறேன், காலைக்கு, மூன்று மணிக்கு, இரவு முறைக்கு. சீக்கிரம் பதில் எழுது. சொந்தக்காரி என்பதற்காகத் தாமதிக்க வேண்டாம்.

சாவியை முந்தானை முடிச்சில் போட்டுக்கொண்டு எடைப் பிரிவுக்குப் போனேன். சைக்கிள் வெளியே மதிலோரம். என் தராசுக்கு நேரே ஜன்னல். ஐந்தரை மணி வரை நூற்றுப் பன்னிரண்டு பெட்டி எடை போட்டேன், எட்டிப் பார்க்கவே இல்லை.

அக்கா